கொசுத்தேனீயின் கூடு ஒழுங்கற்றதன்று

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் சென்ற ஞாயிறு இதழில் தேனீக்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். பூச்சிகளைப் பற்றி, அதிலும் எங்கள் வளவுகளில் எங்களோடு வாழும் பூச்சிகளைப் பற்றி, ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுவது அருகிவிட்ட காலத்தில் அதை வெளியிட்டமைக்கு முதலில் என் நன்றி. ஆயினும் அதில், கொடுக்கில்லாத் தேனீ வகையைச் சேர்ந்த சிறிய கொசுத்தேனீயைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு கருத்தைத் திருத்தாமல் விட மனம் இடங்கொடுக்கவில்லை. பொந்துத்தேனீயைப் போல அறுகோண அறைகளை வரிசையாக அடுக்கும் திறமை கொசுத்தேனீக்கு இன்னும் வாய்க்கவில்லை என்றும், அதனாலேயே அது உருண்டைகளை ஒழுங்கின்றிக் குவித்து வைக்கிறது என்றும், கூர்ப்பின் (பரிணாமத்தின்) ஏணியில் அது கீழ்ப்படியில் நிற்கும் தேனீ என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார்.

நான் உயிரியல் கற்பித்தவன் அல்லன். முப்பத்தெட்டு வருடங்கள் வீடுகளுக்கு வரைபடம் வரைந்து ஓய்வுபெற்றவன். ஒரு கட்டடத்தை நல்லது, கெட்டது என்று சொல்வதற்கு முன் அது எந்தக் காணியில், எந்தப் பொருளால், யார் குடியிருப்பதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்கவேண்டும் என்பது என் தொழில் எனக்குப் பழக்கிய முறை. கொசுத்தேனீயின் கூட்டையும் அவ்வாறே கேட்டுப் பார்த்தால் கட்டுரையாளரின் முடிவு நிற்காது. அந்த முடிவு வெறும் ஏட்டுப் பிழையாக மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். யாழ்ப்பாணத்து வலிகாமம் எங்கும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டும் திருத்தப்பட்டும் வரும் இந்நாளில், "அது ஒரு அற்பப் பூச்சியின் பொந்து" என்ற எண்ணம் சீமெந்துக் கரண்டியாகவும் மண்ணெண்ணெய்ப் போத்தலாகவும் மாறிச் சுவர்களுக்கு வந்துகொண்டிருக்கிறது.

போன வருடம் ஆடி மாதத்தில் எங்கள் பழைய குசினியின் மேற்குச் சுவரை இடிக்கவேண்டி வந்தது. பாட்டனார் காலத்துச் சுவர். சுண்ணக்கல்லை இரண்டு முகமாக அடுக்கி, நடுவே கல்லுடைசலும் சுண்ணாம்புச் சாந்தும் நிரப்பி எழுப்பியது. அதன் வெளிப்பக்கத்தில், நெஞ்சளவு உயரத்தில், சின்னவிரல் தடிப்பில் ஒரு கறுத்த குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். நான் சிறுவனாக இருந்த நாள் முதல் அது அங்கே இருந்தது. மேசன் அலவாங்கை எடுத்தபோது சற்றுப் பொறுக்கச் சொல்லி, அவரும் நானுமாகக் கற்களை ஒவ்வொன்றாகக் கையால் கழற்றினோம். உள்ளே ஒரு முழ நீளமும் நாலு விரல் அகலமும் உள்ள, நேரான பக்கம் ஒன்றுமே இல்லாத இடைவெளி. அதன் இரண்டு ஓரங்களிலும் சுண்டங்காய் அளவான குடங்கள். சிலவற்றில் தேன், சிலவற்றில் மகரந்தம். நடுவே மிளகளவான முட்டை அறைகள், மயிர்போன்ற தூண்களால் ஒன்றையொன்று தாங்கி, ஒரு திராட்சைக் குலையைப் போல நின்றன.

அந்தக் குலையின் ஒரு பக்கத்து அறைகள் கரும்பழுப்பாகவும் மறுபக்கத்து அறைகள் வெளிர்மஞ்சளாகவும் இருந்தன. ஏன் என்று அன்று விளங்கவில்லை. பின்னர் வாசித்தே அறிந்தேன். அறைக்குள் இருக்கும் குடம்பி, அதாவது தேனீயின் புழு, வளர்ந்து, தன்னைச் சுற்றிப் பட்டு நூற்று ஓர் உறை செய்துகொண்டதும், வேலைக்காரத் தேனீக்கள் வெளியிலுள்ள மெழுகுப் பூச்சைச் சுரண்டி எடுத்து அடுத்த அறைக்குக் கொண்டுபோகின்றன. வெளிர்மஞ்சளாகத் தெரிவது அந்தப் பட்டு உறை. கொங்கிறீற் இறுகியதும் பலகைகளைக் கழற்றி அடுத்த தூணுக்கு அடிக்கும் வேலையை நான் வாழ்நாள் முழுவதும் பார்த்தவன். அதே சிக்கனம் ஒரு மிளகளவான அறையில் நடப்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மதிப்பை எழுத்தில் சொல்லமுடியாது.

கட்டடப் பொருளில் இருந்து தொடங்குகிறேன். பொந்துத்தேனீயின் மெழுகு வயிற்றின் அடிப்புறத்துச் சுரப்பிகளில் ஊறுகிறது. அது பெரும்பாலும் அந்த மெழுகை மட்டும் கொண்டு தேன்வதை கட்டுகிறது. கொசுத்தேனீயின் மெழுகு முதுகுப்புறத்தில் ஊறுகிறது. அது ஒருபோதும் தனி மெழுகை நம்பிக் கட்டுவதில்லை. மாமரத்தின் கசிவு, பலாவின் பால் போன்றவற்றைப் பின்னங்கால்களில் உருட்டிக் கொண்டுவந்து, மெழுகோடு பிசைந்து, அந்தக் கலவையாலேயே அறைகளையும் குடங்களையும் தூண்களையும் செய்கிறது. வெளியுலகைத் தடுக்கும் சுவர்களுக்குப் பிசினைக் கூட்டி, சில இடங்களில் மண்ணையும் சேர்த்து, கல்லைப்போல இறுகும் வேறொரு சாந்து. மெழுகு சுரக்கத் தேனைச் செலவழிக்கவேண்டும்; பிசினோ மரத்தில் கிடைப்பது. அதிலும் பல பிசின்கள் பூஞ்சணத்தையும் கிருமிகளையும் அண்டவிடாதவை. மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும் சுண்ணக்கற் சுவருக்குள் வருடக்கணக்காக மகரந்தத்தைப் பழுதாகாமல் வைத்திருக்க இதைவிடப் பொருத்தமான பொருளை நான் அறியேன்.

இந்தப் பிசின் வேலை எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று கல்லில் இருக்கிறது. அம்பர் எனப்படும் உயிர்ச்சுவட்டுப் பிசினைச் சிலர் கண்டிருப்பார்கள். முற்காலத்து மரப்பால் இறுகி மஞ்சட் கல்லானது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் கிடைத்த அத்தகைய ஒரு துண்டுக்குள் இருந்த கொடுக்கில்லாத் தேனீ ஒன்றை மிச்சனரும் கிரிமால்டியும் 1988இல் உலகுக்கு அறிவித்தார்கள். டைனோசர்கள் இன்னும் நடமாடிய காலத்தைச் சேர்ந்த தேனீ அது. அதன் வயது இன்று ஏறத்தாழ ஆறரை முதல் ஏழு கோடி ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. இன்று வாழும் அதன் உறவினரோடு வைத்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. டொமினிக்கன் குடியரசின் அம்பரில், ஒன்றரை முதல் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்திய கொடுக்கில்லாத் தேனீக்கள் ஏராளமாக அகப்பட்டிருக்கின்றன. பிசின் எடுக்கப் போன இடத்தில் பிசினிலேயே சிக்கியவை அவை. சிலவற்றின் பின்னங்கால்களில் உருட்டிய பிசின் உருண்டை இன்னும் ஒட்டியிருக்கிறது. வேலைக்குப் போன இடத்தில், கையில் சாந்தோடு இறந்துபோன ஒரு கட்டடத் தொழிலாளியின் உருவம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அடுத்தது, யாருக்காக அந்த அறை கட்டப்படுகிறது என்பது. பொந்துத்தேனீயின் அறை படுக்கையாகக் கிடக்கும். குடம்பிக்கு நாள்தோறும் சிறிது சிறிதாக ஊட்டுவார்கள். ஒரு பிள்ளை வெளியேறியதும் அறையைத் துப்புரவு செய்து அடுத்த முட்டையை இடுவார்கள். ஆகவே அது பல தலைமுறை பாவிக்கும் வீடு. உறுதியான, ஒரேயளவான, வரிசையான அறுகோணம் அதற்குத் தேவை. கொசுத்தேனீயின் அறை மேல்நோக்கித் திறந்த ஒரு சிறு குடம். வேலைக்காரத் தேனீக்கள் பல முறைவைத்து அதைத் திரவ உணவால் நிரப்புகின்றன; இராணி வந்து அந்த உணவின்மேல் ஒரு முட்டையை நட்டுவைக்கிறாள்; உடனேயே வாய் மூடப்படுகிறது. பிறகு அந்தக் குடம்பியை யாரும் பார்ப்பதில்லை, ஊட்டுவதில்லை. வளர்ந்து வெளியே வந்ததும் அறை கலைக்கப்பட்டுவிடும். இந்த நிரப்பலும் முட்டையிடலும் இனத்துக்கு இனம் வெவ்வேறு சடங்குபோல நடப்பதை யப்பானிய அறிஞர் சகாகமி பல வருடங்கள் கவனித்து எழுதினார். இலங்கை உட்பட ஆசியாவின் கொசுத்தேனீக்களைப் பற்றிய அவரது ஆய்வு 1978இல் வெளிவந்தது. ஒருமுறை மட்டும் பாவித்துக் கலைக்கும் அறைக்கு அறுகோண வரிசை எதற்கு? பந்தலுக்கு யாரும் அத்திவாரம் வெட்டுவதில்லை.

சரி, காணிக்கு வருவோம். எங்கள் கொசுத்தேனீயை டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ் என்று வகுத்திருக்கிறார்கள். எமது தீவில் இருந்து சென்ற மாதிரிகளைக் கொண்டு 1854இல் பிரித்தானிய அறிஞர் சிமித் அதற்கு இட்ட பெயர் அது. வானவில் நிறச் சிறகுடையது என்று பொருள். நாலு மில்லிமீற்றர் நீளமே உள்ள இந்தத் தேனீ குடியேறும் இடங்களைப் பாருங்கள்: கல்லிடுக்கு, மண்சுவர், பழைய பூவரசின் பொந்து, கிணற்றுக் கட்டின் வெடிப்பு, சில வேளை பாவனையில் இல்லாத இரும்புக் குழாய். தட்டையான வதைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கு அகலமான, ஓரளவு ஒழுங்கான இடம் வேண்டும். குலையாகக் கட்டினால் எந்தக் கோணலுக்குள்ளும் வளைந்து, நீண்டு, பிரிந்து போகலாம். எங்கள் குசினிச் சுவருக்குள் இருந்த நாலு விரல் அகல இடைவெளிக்கு நானே வரைபடம் போட்டிருந்தாலும் குலையைத்தான் வரைந்திருப்பேன்.

குலை பழையது, வதை புதியது என்று ஏணி கட்டவும் முடியாது. அவுஸ்திரேலியாவில் இதே டெட்ராகோனுலா குலத்தில் கார்பொனேரியா, ஹொக்கிங்ஸி என்று இரண்டு இனங்கள் உண்டு. தேனீக்களை அருகருகே வைத்தால் இன்னது இது என்று பிரிப்பது கடினம். கூட்டைத் திறந்தால் உடனே தெரிந்துவிடும். முன்னது முட்டை அறைகளைச் சுருள்படிக்கட்டுப் போல மேலே மேலே ஏற்றுகிறது; பின்னது பத்துப் பன்னிரண்டு அறை கொண்ட சிறு துண்டுகளைப் படிப்படியாக வைக்கிறது. கூடப்பிறந்தவர்கள் போன்ற இரண்டு இனங்களுக்குள்ளேயே கட்டும் முறை இப்படி வேறுபடுமானால், அது கீழிருந்து மேலே ஏறும் படிகளாக இருக்க முடியாது. ஆபிரிக்காவிலுள்ள டக்டிலுரினா என்ற கொடுக்கில்லாத் தேனீ, பொந்துத்தேனீயைப் போலவே செங்குத்தாக, இரு பக்கமும் அறை வைத்த வதையைக் கட்டுகிறது. பொந்துத்தேனீயிடம் அது கற்கவில்லை. தன் பாதையில் தானாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. எறும்புக் கூட்டுக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் மரக்கொம்பில் வெளிப்படையாகவும் கட்டும் இனங்களும் இருக்கின்றன. உலகில் அறியப்பட்ட ஐந்நூறுக்கு மேற்பட்ட கொடுக்கில்லாத் தேனீ இனங்களில் ஒவ்வொன்றும் தன் காணிக்கு ஏற்பக் கட்டியிருக்கிறது என்பதே பொருந்தும்.

கட்டுபவர்களுக்கு வரைபடம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி என்னைப் போன்றவனை நித்திரை கொள்ளவிடாது. அவுஸ்திரேலியத் தேனீயின் சுருளைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, பளிங்குப் படிகம் வளரும் முறையோடு அதை ஒப்பிட்டுக் காட்டியது. ஒவ்வொரு தேனீயும் தன் அருகிலுள்ள ஓரத்தை மட்டும் பார்த்து, ஒரு அறையைச் சற்று உயர்த்தியோ ஓரமாகவோ வைத்தால் போதும். முழுச் சுருளையும் எந்தத் தேனீயும் மனதில் வைத்திருக்கத் தேவையில்லை. 2024இல் வெளியான இன்னோர் ஆய்வு என்னை அதைவிட அதிகம் சிந்திக்கவைத்தது. பிரேசிலில் உள்ள ஒரே இனத்தின் கூடுகளில் பெரும்பாலானவை தட்டுத் தட்டாகவும், சில மட்டும் சுருளாகவும் கட்டுகின்றன. அந்தந்தக் கூடு தலைமுறை தலைமுறையாகத் தன் முறையை விடுவதில்லை. வேலைக்காரத் தேனீக்களை ஒரு கூட்டிலிருந்து மற்றதற்கு மாற்றிவிட்டபோது அவை புகுந்த வீட்டு முறைப்படியே கட்டின. முன்னோர் கட்டி வைத்த சுவரே பின்வந்தவர்க்கு வரைபடமாகிறது. பிறப்போடு வராத ஒரு வழக்கம், பேச்சு இல்லாத ஓர் உயிரில், கட்டடத்தின் மூலமாகவே கைமாறுகிறது. கூர்ப்பு என்றால் உடலில் நடப்பது என்று மட்டும் எண்ணியிருந்த எனக்கு இது புதிய பாடம்.

வாசற்குழாயைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் எங்கள் ஆட்கள் காண்பது அது ஒன்றைத்தான். கொசுத்தேனீக்குக் கொடுக்கு இருந்த தடம் மட்டுமே எஞ்சியிருக்கிறது, குத்த முடியாது. ஆகவே பாதுகாப்பு முழுவதும் கட்டடத்திலேயே இருக்கிறது. குழாயின் விளிம்பில் ஒட்டும் பதத்தில் புதுப் பிசின் தடவப்பட்டிருக்கும். எறும்பு அதில் கால் வைத்தால் சிக்கிக்கொள்ளும். எங்கள் சுவரிலிருந்த குழாயின் விளிம்பில் மூன்று சிற்றெறும்புகள் ஒட்டியபடி காய்ந்திருந்ததை நான் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உள்ளிருந்து நாலைந்து காவற்காரத் தேனீக்களின் தலைகள் வட்டமாக எட்டிப் பார்த்தபடி நின்றன. மீறி உள்ளே வந்த பகைவனைப் பிசினால் மூடிவிடுவதும் உண்டு: அவுஸ்திரேலியாவில் கூட்டுக்குள் நுழைந்த வண்டுகளைத் தேனீக்கள் பிசின், மெழுகு, மண் கலந்த சாந்தால் உயிரோடு பூசி அசையாமற் செய்துவிடுவதை 2010இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி, நான் இக்கடிதத்தை எழுதுவதற்குக் காரணமான பகுதிக்கு வருகிறேன். பொந்துத்தேனீ பிரியும்போது பழைய இராணி ஒரு கூட்டத்தோடு பறந்து போய்விடும். தாய்வீட்டுக்கும் அவளுக்கும் அதன்பின் தொடர்பு இல்லை. கொசுத்தேனீயின் தாய் இராணி முட்டை நிறைந்த வயிற்றோடு பறக்க இயலாதவள்; அவள் பழைய வீட்டிலேயே இருப்பாள், மகள் போவாள். போவதற்கு முன் வேலைக்காரத் தேனீக்கள் புதிய பொந்தைத் தேடி, வெடிப்புகளைப் பூசி, தாய்வீட்டிலிருந்து மெழுகையும் பிசினையும் தேனையும் சுமந்து சுமந்து அங்கே சேர்க்கின்றன. மகள் குடிபுகுந்த பின்னும் வாரக்கணக்கில், சில இனங்களில் மாதக்கணக்கில், தாய்வீட்டுப் பொருள் வந்துகொண்டே இருக்கும். மகளுக்குக் காணியும் வீடும் கொடுத்துக் கட்டிவைக்கும் எங்கள் ஊர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இதன் விளைவைக் கவனியுங்கள். சுமந்து சேர்க்கவேண்டும் என்பதால் மகளின் வீடு தாய்வீட்டுக்கு அண்மையிலேயே, சில நூறு மீற்றருக்குள்ளேயே, அமையவேண்டும். ஆகவே கொசுத்தேனீ ஒரு ஊருக்குள் பரவுவது வீட்டுக்கு வீடு, வேலிக்கு வேலி, மெதுவாகத்தான். ஒரு குறிச்சியில் இருந்த பழைய சுவர்களும் பொந்து மரங்களும் ஒரே தசாப்தத்தில் போய்விட்டால், பத்து மைலுக்கு அப்பாலிருந்து ஒரு கூட்டம் பறந்து வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பாது. இடையிலே தங்கிக் கடக்கப் பொந்துகளும் இராது. தாய் இராணி பறக்க இயலாதவள் ஆனபடியால், சுவர் இடிந்தால் அந்தக் குடும்பத்துக்கு எழுந்து ஓடவும் வழியில்லை.

ஓட முடியாமையைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1995 ஐப்பசி இறுதியில், போர் காரணமாக, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து அயலிலுள்ள தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். 1996 வைகாசியில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. நிலைகளும் கதவுகளும் கழற்றப்பட்டிருந்தன. கிணற்றடி வாழைகள் பட்டுப்போயிருந்தன. குசினியின் மேற்குச் சுவர் நின்றது. அதில் அந்தக் கறுத்த குழாய் இருந்தது, அதன் வாயில் தேனீக்கள் போய்வந்துகொண்டிருந்தன. என் தாயார் மூட்டையை இறக்காமல் அந்தச் சுவரடியில் வெகுநேரம் நின்றார்.

இப்போது நடப்பவற்றுக்கு வருகிறேன். பழைய சுவரை இடித்துச் சீமெந்துக் கல்லால் கட்டுவதை நான் குறைசொல்லவில்லை. அந்த வரைபடங்கள் பலவற்றை நானே வரைந்தேன். ஆனால் சீமெந்துக் கல் சுவரில், பூச்சு முடிந்தபின், ஒரு விரல் நுழையும் இடைவெளி கிடையாது. வேலி போய் மதில் வந்தபோது பூவரசும் முள்முருக்கும் போயின. எஞ்சிய கூடுகளுக்கு மூன்று ஆபத்துகளைக் காண்கிறேன். ஒன்று, பூசுபவர் குழாயைக் கண்டதும் ஒரு கரண்டி சாந்தால் அடைத்துவிடுவது. இரண்டு, "ஏதோ பூச்சி" என்று மண்ணெண்ணெய் ஊற்றுவது. மூன்றாவதுதான் எனக்குப் பெரிதும் வேதனை தருவது: மருந்துக்கு நல்லது என்று கொசுத்தேனுக்கு விலை ஏறியிருப்பதால், தேன் எடுக்க வருபவர்கள் சுவரையோ மரத்தையோ பிளந்து, குடங்களை மட்டும் பிழிந்துகொண்டு, முட்டைக் குலையை மண்ணில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். ஒரு கூட்டில் ஒரு போத்தல் தேன்கூடத் தேறாது. அதற்காக ஒரு குடும்பமும் அது இனிப் பெற்றிருக்கக்கூடிய மகள் வீடுகளும் போய்விடுகின்றன. எங்கள் மாமரங்களிலும் தென்னையின் பாளைகளிலும் கறிக்கொடிகளிலும் காலை வேளையில் மொய்க்கும் இந்தச் சிறிய தேனீ, அவற்றின் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவது என்பதையும் தேன் வாங்குபவர்கள் நினைக்கவேண்டும்.

சுவரை இடித்தே ஆகவேண்டுமானால் கூட்டை இடம்மாற்றலாம். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். தச்சர் ஒருவரிடம் ஒரு முழ நீளமான சிறு பலகைப் பெட்டி செய்வித்தோம்; வேப்பம் பலகை, வர்ணம் பூசாதது. மாலை மங்கிய வேளையில், வெளியே போன தேனீக்கள் பெரும்பாலும் திரும்பியபின், முட்டைக் குலையை உள்ளங்கையில் ஏந்தி, மேற்பக்கம் மேலாகவே இருக்கும்படி பெட்டிக்குள் வைத்தோம். தலைகீழாகத் திருப்பக்கூடாது, முட்டை திரவ உணவின்மேல் மிதந்து நிற்பதால் கவிழ்ந்தால் மூழ்கிவிடும். மகரந்தக் குடங்களில் உடையாதவற்றை மட்டும் கூட வைத்தோம். உடைந்த குடமும் சிந்திய தேனும் எறும்பை அழைக்கும், ஆகவே அவற்றை எடுத்துவிட்டோம். இராணி மற்றவற்றைவிட நீளமாக, பொன்னிற வயிற்றோடு, குலையின் இடுக்கில் இருந்தாள். அவளைத் தொடாமல் குலையோடு சேர்த்தே தூக்கினோம். பின் பழைய வாசற்குழாயைச் சுவரிலிருந்து முழுதாகப் பெயர்த்து, பெட்டியின் துளையில் ஒட்டினோம். வாசல் அதே மணமாக இருந்தால் திரும்பிவரும் தேனீக்கள் அடையாளம் காணும். பெட்டியைக் குழாய் முன்பிருந்த அதே இடத்தில், அதே உயரத்தில், ஒரு பனங்குற்றியின்மேல் வைத்து, குற்றியின் அடியைச் சுற்றிப் பழைய எண்ணெய் தடவினோம்.

முதல் மூன்று நாட்கள் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. தேனீக்கள் பெட்டியைச் சுற்றிப் பறந்தன, சில சுவர் இருந்த வெறுமையில் வட்டமிட்டன. நாலாம் நாள் பெட்டியின் மூடிக்கும் பலகைக்கும் இடையில் இருந்த நூலளவு வெடிப்பில் உள்ளிருந்து கறுத்த பிசின் பிதுங்கியது. வீடு தங்களுடையது என்று முடிவெடுத்து வெடிப்புப் பூசத் தொடங்கிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு நாட்களில் பழைய குழாயின் நுனியில், நிறம் வேறான, மெல்லிய புதுக்குழாய் அரை அங்குலம் நீண்டிருந்தது. மேசன் இப்போது வேலைக்குப் போகும் வீடுகளில் குழாயைக் கண்டால் எனக்குச் சொல்லி அனுப்புகிறார். இதுவரை இரண்டு கூடுகளை அப்படி எடுத்து வைத்திருக்கிறோம்.

ஆகவே தங்கள் பத்திரிகை வாயிலாக மூன்று தரப்பினரைக் கேட்டுக்கொள்கிறேன். பழைய வீடு, கோயில் மடம், பாடசாலைக் கட்டடம் ஆகியவற்றைத் திருத்துவதற்கு ஒப்பந்தம் எழுதுபவர்கள், வேலை தொடங்குமுன் சுவர்களைச் சுற்றி ஒருமுறை நடந்து, குழாய்கள் இருக்கும் இடங்களைக் குறித்துவைக்கவேண்டும். அரை மணி நேர வேலை அது. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தக் கூட்டைப் பாடசாலை வளவிலேயே மாணவர்களுக்குக் காட்டலாம். குத்தாத தேனீ என்பதால் சின்னப் பிள்ளைகளும் அருகே போகலாம். என் தொழிலைச் செய்யும் படவரைஞர்களுக்குச் சொல்வது, நானே செய்து பார்த்த ஒன்று. ஓய்வுபெற்றபின் உறவினர் ஒருவருக்காக வரைந்த வரைபடத்தில், பழைய முன்சுவரை வைத்துக்கொண்டு பின்பகுதியை மட்டும் புதிதாகக் கட்டும் திட்டத்தில், அச்சுவரின் வடமூலையில் ஓர் அம்புக்குறி இட்டு, "இத்துவாரத்தைப் பூசவேண்டாம்" என்று எழுதினேன். பூச்சு வேலைக்கு வந்தவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது மின்கம்பி வருவதற்கா, தண்ணீர்க் குழாய் வருவதற்கா என்று கேட்டார். நான் அவரைச் சுவரடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். குனிந்து சற்று நேரம் பார்த்துவிட்டு, குழாயைச் சுற்றி ஒரு சாண் வட்டத்தை விட்டு, மிகுதிச் சுவரைப் பூசி முடித்தார்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
உரும்பிராய்.